“என் பாட்டை எல்லாரும் பாடுகிறார்கள், பெயரை மட்டும் காணோம்”

சட்டத்தரணி பதில்

கொழும்பின் தென்பகுதியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சாரம் அவருடையதுதான்.

அவர் அரச பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சிறுவர் பாடல்கள் எழுதி வருகிறார். சொந்தக் காசில் இரண்டு தொகுப்புகள் போட்டிருக்கிறார். முதலாவது 2014இல் வந்தது. ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் பாடசாலைகள் மாறி மாறி அழைக்கும். போனால் ஒரு பொன்னாடை, ஒரு தேநீர், பிள்ளைகளோடு ஒரு படம். போன வருடம் ஒரு பாடசாலையில் அவருடைய முழுப் புத்தகத்தையும் போட்டோகொப்பி அடித்து, பின் போட்டு, பரிசாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்து முடித்துவிட்டு அவரையே அதில் கையெழுத்துப் போடவும் சொன்னார்களாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் என்கிறார். இப்போது அவரை நித்திரை கொள்ள விடாதவை வேறு. பல கிளைகள் கொண்ட ஒரு தனியார் முன்பள்ளி, பெற்றோருக்கு விற்கும் செயல்நூலில் அவருடைய ஐந்து பாடல்களைப் பெயரில்லாமல் அச்சிட்டிருக்கிறது. அதில் ஒன்றை மெட்டுப் போட்டு, சொல்லையும் மாற்றி, தன் யூடியூப் சனலில் ஏற்றியிருக்கிறது. அடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். சில வருடங்களுக்கு முன் வாசிப்பு அட்டைகளுக்கென்று 20 பாடல் கேட்டு வாங்கி, ஒரு தொகையும் கொடுத்தது. ஒப்பந்தம் எதுவும் இல்லை. சில வட்ஸ்அப் செய்திகளும் ஒரு வவுச்சரும்தான். இப்போது அதே பாடல்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வந்திருக்கின்றன. மூன்றாவது, ஒரு பதிப்பாளர். இரண்டு தொகுப்பையும் மறுபதிப்புச் செய்வதாகச் சொல்லி, ‘முழு உரிமை’யையும் ஒரே தொகைக்கு எழுதித் தரும்படி நாலு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்கு முன் கையெழுத்து வேண்டுமாம். கடைசியாக, வெளிநாட்டில் நடக்கும் ஓர் எழுத்தறிவு மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவர்களும் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள்.

“நான் எதையும் பதிவு செய்யவில்லை. முதல் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். கூட எடுக்கவில்லை. அரச ஆசிரியர் எழுதினால் அது அரசாங்கத்துக்குத்தான் சொந்தம் என்று ஒரு சக ஆசிரியர் சொல்கிறார். தங்கத் தாத்தா பாட்டுக்கு யார் காசு கேட்டார் என்று இன்னொருவர் சிரிக்கிறார். வழக்குப் போடலாமா? அல்லது பேஸ்புக்கில் எல்லாவற்றையும் போட்டு நாறடித்துவிடட்டுமா?” என்று முடிக்கிறார்.

ரீச்சர், எல்லாவற்றையும் ஒரே அநியாயமாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் சட்டம் இவற்றை ஒரே கண்ணால் பார்க்காது. முன்பள்ளி விடயத்தில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் கை ஓங்கியிருக்கிறது. தொண்டு நிறுவன விடயத்தில் நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்ந்திருக்கிறது. போட்டோகொப்பி அடித்த பாடசாலையோடு சட்டம் பேசவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொன்றாக வருகிறேன்.

பதிவு செய்யவில்லை, அதனால் என்ன?

ஒன்றும் இல்லை. இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் ஏற்பாடே கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை எழுதியதுமே உரிமை வந்துவிடுகிறது. எட்டு வரியா எண்பது வரியா, பெரியவர்களுக்கா பிள்ளைகளுக்கா, கொப்பியில் கிடக்கிறதா அச்சில் வந்ததா என்பதையெல்லாம் சட்டம் கேட்பதில்லை. கொழும்பு 7இல் தேசிய நூலகம் தரும் ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்துக்கான அடையாள இலக்கம். கடைக்காரருக்கும் நூலகருக்கும் அது உதவும். உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்த பதிப்புக்கு எடுத்துவிடுங்கள், நல்லதுதான்.

நிரூபிக்க வேண்டி வந்தால்? 2014 புத்தகத்தின் அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது. வழக்கமான முறையில் ஒரு படைப்பில் யாருடைய பெயர் போட்டிருக்கிறதோ, அவரே படைப்பாளி என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுகிற வேலை மறுப்பவருடையது. அச்சகத்தின் பில், வெளியீட்டு விழா அழைப்பிதழ், பத்திரிகையில் வந்த துண்டு எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். உங்களுக்கு நீங்களே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் பூட்டி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை.

அரச ஆசிரியர் எழுதினால் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது பாதி கேட்ட கதை. தொழிலின் கடமையாக எழுதியதன் பொருளாதார உரிமைதான் (அச்சிட, விற்க, மொழிபெயர்க்க அனுமதி கொடுக்கும் உரிமை), வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தொழில் தருநருக்குப் போகும். உங்கள் கடமை படிப்பிப்பது. இரவில் வீட்டில் இருந்து எழுதிய பாட்டு உங்களுடையது. நாளைக்கு உங்களை விடுவித்துப் பாடநூல் குழு ஒன்றில் போட்டு, அங்கே ஒரு பாட்டு எழுதினீர்கள் என்றால் அது வேறு கதை.

தங்கத் தாத்தாவை இழுத்த நண்பருக்கும் பதில் சொல்லலாம். தங்கத் தாத்தா என்று நாம் அழைக்கும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் மறைந்தார். நம் சட்டத்தில் பாதுகாப்புக் காலம் படைப்பாளியின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும். அது முடிந்துவிட்டது, அவர் பாட்டை யாரும் அச்சிடலாம். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், நிறைய நாள் இருக்கப் போகிறீர்கள். ஆனால் அந்த உதாரணத்தில் நண்பர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. காசு கேட்க யாரும் இல்லாத இன்றைக்கும், ஆடிக் கூழ் பாட்டை யார் பாடினார் என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பெயர் சொல்லும். அச்சிட்டவர்கள் எல்லாரும் பெயரையும் சேர்த்து அச்சிட்டதால் வந்த பலன் அது. சிறுவர் பாட்டுக்கு இது மற்ற எழுத்தைவிட முக்கியம். நாவலைப் பெயரில்லாமல் யாரும் விற்கமாட்டார்கள். சின்னப் பாட்டு வாய்க்கு வாய் போகும். பெயர் விழுந்துவிட்டால் பத்து வருடத்தில் ‘நாட்டார் பாடல்’ என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அதை மீட்பது மெத்தக் கஷ்டம். ஆகவே பெயரை முதலில் பிடியுங்கள், காசை இரண்டாவதாகப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒழுங்கில்தான்.

முன்பள்ளியும் அந்த நண்டும்

“நாங்களும் கல்விக்காகத்தானே பாவித்தோம்” என்று முன்பள்ளி நிர்வாகம் தொலைபேசியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கல்விக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. இலாப நோக்கமில்லாத ஒரு கல்வி நிறுவனத்தில், வகுப்பில் நேருக்கு நேர் படிப்பிப்பதற்காக, ஒரு சிறு படைப்பையோ ஒரு பகுதியையோ தேவையான அளவுக்குப் பிரதி எடுக்கலாம். அதற்கும் படைப்பாளியின் பெயரைப் போட வேண்டும். இங்கே நடந்தது என்ன? கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனம், விலை போட்ட செயல்நூல், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே அச்சு, பெயரும் இல்லை. இந்த விலக்குக்குள் அவர்களை நுழைக்க எனக்கு வழி தெரியவில்லை. அவர்களுடைய சட்டத்தரணிக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மெட்டு விடயம் சற்று வேறு. மெட்டுப் போட்டவருக்கு மெட்டில் உரிமை உண்டு. அதற்காக உங்கள் சொல்லை எடுக்கும் அனுமதி அவருக்குத் தானாக வந்துவிடாது. சட்டத்தின்படி அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். “விழாவில் ரீச்சர் கேட்டுச் சிரித்தாரே, அது சம்மதம்தானே” என்பது செல்லாது.

இனி நண்டு. கடற்கரை ரயிலைப் பார்த்துக் கைகாட்டும் நண்டைத் தூக்கிவிட்டு ‘பப்பி’யைப் போட்டிருக்கிறார்கள். (வாசகர்கள் தேட வேண்டாம். உண்மைப் பாட்டில் இருப்பது வேறு பிராணி.) உங்களுக்கு இதுதான் ஆகக் கூடிய வலி என்று கடிதத்தில் தெரிகிறது. வெள்ளவத்தைக் கரையில் கல்லுக்கல்லாக ஓடும் நண்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்காக எழுதிய பாட்டு அது. நாய்க்குட்டி எந்த ஊரிலும் கைகாட்டும். கவிஞராக நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சட்டத்தரணியாக ஒரு எச்சரிக்கை: படைப்பைத் திரித்தால் எதிர்க்கும் உரிமை 10ஆம் பிரிவில் உண்டு, ஆனால் அந்த மாற்றம் உங்கள் மதிப்புக்கோ நற்பெயருக்கோ பங்கமாக இருக்க வேண்டும். ஒரு நண்டை மாற்றியது அந்த அளவுக்கு வருமா என்று எதிர்த்தரப்பு மணிக்கணக்கில் வாதிடும். பெயர் போடாதது பற்றி அப்படி வாதிட இடமில்லை. எனவே கடிதத்தில் பெயரை முன்னுக்கும் நண்டைப் பின்னுக்கும் வையுங்கள். உடன்பாட்டுக்கு வரும்போது “பழைய சொல்லைத் திரும்பப் போட வேண்டும்” என்று கேட்டு வாங்கிவிடலாம்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் செயல்நூலைக் கடையிலோ கிளையிலோ காசு கொடுத்து வாங்கி, ரசீதை எடுத்து வையுங்கள். யூடியூப் காணொளியைத் திகதி, பார்வை எண்ணிக்கை தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம். திட்ட வேண்டாம். எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு, உங்கள் புத்தகத்தில் அது எத்தனையாம் பக்கம் என்று ஒரு அட்டவணை. அடுத்த அச்சில் பெயர், விற்ற பிரதிகளுக்கு ஒரு நியாயமான தொகை, காணொளியில் பெயரும் திருத்தமும். பதில் தர 14 நாள். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த இடத்தில் இறங்கி வந்துவிடும். பெற்றோர் மத்தியில் பெயர் கெடுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள்.

அசையவில்லை என்றால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். அதற்குப் பிறகு, கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பணிப்பாளர் நாயகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவர் இரு தரப்பையும் விசாரித்துத் தீர்மானிப்பார். அது இருவரையும் கட்டுப்படுத்தும். திருப்தி இல்லாதவர் நீதிமன்றம் போகலாம். பலருக்கு இந்த வாசல் இருப்பதே தெரியாமல் நேரே வழக்கு என்று ஓடிவருகிறார்கள். தடை உத்தரவும் நட்டஈடும் கேட்க வர்த்தக மேல் நீதிமன்றம் இருக்கிறது. ஐந்து பாட்டுக்காக அங்கே போனால், கிடைக்கும் நட்டஈட்டைவிடச் செலவு கூடலாம். வேண்டுமென்று செய்த மீறல் குற்றமும்கூட. நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இதைக் கடிதத்தில் ஒரு வரியில் நினைவூட்டினால் போதும். ஆயுதமாக ஆட்ட வேண்டாம்.

யூடியூபைப் பொறுத்தவரை, அந்த நிறுவனத்தின் சொந்தப் படிவத்திலேயே முறைப்பாடு செய்யலாம். உடனே நீக்கக் கேட்கலாம், அல்லது சனல்காரருக்கு 7 நாள் அவகாசம் கொடுத்து நீக்கக் கேட்கலாம். இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள், பேச்சுவார்த்தைக்குக் கதவு திறந்திருக்கும். முறைப்பாட்டில் உங்கள் பெயர் மற்றவருக்குத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

பேஸ்புக்கில் நாறடிப்பதா? வேண்டாம் ரீச்சர். அவதூற்றைக் குற்றமாக்கிய சட்டம் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் சிவில் வழக்கில் நட்டஈடு கேட்கலாம். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இன்னொரு தலையிடி. ‘கள்ளர்’ என்று எழுதிய அடுத்த நாள் நீங்கள் முறைப்பாட்டாளர் இல்லை, பிரதிவாதி. அரச ஊழியர் என்பதால் திணைக்களமும் கேள்வி கேட்கும். சொல்லத்தான் வேண்டும் என்றால், உங்கள் பாட்டையும் புத்தக அட்டையையும் போட்டு “இது 2014இல் நான் எழுதியது” என்று மட்டும் போடுங்கள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

தொண்டு நிறுவனத்தின் 20 பாடல்கள்

இந்தப் பகுதி உங்களுக்குப் பிடிக்காது. ஒப்பந்தம் இல்லாததால் உரிமை முழுக்க என்னிடமே என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சட்டம் தலைகீழாகச் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதிக் கொடுத்த படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கேட்டவருக்கே போகும். 14ஆம் பிரிவு. பல நாடுகளில் இப்படி இல்லை. அதனால்தான் இணையத்தில் வாசித்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அந்த அட்டைகளுக்கென்றே எழுதிய பாடல்களை அவர்கள் மொழிபெயர்த்தது, உங்கள் கையில் இருக்கும் கடதாசிகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. “நேரம் போதாததால் நாலு பாட்டைப் பழைய புத்தகத்திலிருந்து கொடுத்தேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலும் வேறு சாதி. அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் எழுதி, அச்சிட்டு, விற்றவை. அவர்கள் கேட்டதால் எழுதப்பட்டவை அல்ல. அவற்றின் உரிமை உங்களிடம் இருந்து எங்கும் போகவில்லை. கையொப்பமிட்ட எழுத்து இல்லாமல் போகவும் முடியாது. தமிழ் அட்டையில் போடச் சம்மதித்தீர்கள் என்று வட்ஸ்அப்பைக் காட்டி அவர்கள் வாதிடலாம். சிங்கள, ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அதையும் காட்ட முடியாது.

மற்றப் பதினாறிலும் பெயர் உரிமை உங்களுடையதே. பொருளாதார உரிமை மற்றவருக்குப் போனாலும் பெயர் அதோடு சேர்ந்து போவதில்லை. புதிய அட்டைகளில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை என்கிறீர்களே, அது பிழை. நிறுவனத்துக்கு எழுதுங்கள்: நாலு பாட்டுக்கு மொழிபெயர்ப்பு அனுமதியும் ஒரு கட்டணமும், இருபதுக்கும் பெயர். தொண்டு நிறுவனங்கள் கொடையாளருக்கு அறிக்கை எழுதுபவை. “மூலக் கவிஞரின் பெயர் விடுபட்டுள்ளது” என்ற வசனம் அவர்களுக்கு நன்றாகவே கேட்கும். முடிந்தால் மொழிபெயர்ப்பில் பத்துப் பதினைந்து செட் கேட்டு வாங்குங்கள். சிங்களப் பிள்ளைகள் உங்கள் பாட்டை வாசிக்கிறார்கள் என்பது, கோபம் ஆறினால், சந்தோஷப்பட வேண்டிய விடயமும்தான்.

பதிப்பாளரின் நாலு பக்கம்

கையெழுத்துப் போட வேண்டாம். பதிப்பாளர் கெட்டவர் என்று சொல்லவில்லை; அவர் கேட்பதைக் கேட்கிறார், அவ்வளவுதான். எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் வெளிப்படையாகச் சொல்லாத உரிமை கைமாறாது என்பது சட்டம். அதனால்தான் அச்சு, ஒலி, ஒளி, மொழிபெயர்ப்பு, ‘இனி வரப்போகும் எல்லா வடிவங்களும்’ என்று அவர் இரண்டாம் பக்கம் முழுவதும் பட்டியல் போட்டிருக்கிறார்.

நீங்கள் கொடுக்க வேண்டியது தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும். இத்தனை பிரதி, ஐந்து வருடம் என்று எல்லை போடுங்கள். அச்சில் இல்லாமல் ஒரு வருடம் போனால் உரிமை திரும்பி வர வேண்டும். ஒரே தொகைதான் தருவேன் என்றால் அது இந்தப் பதிப்புக்கு மட்டும். விற்பனைப் பங்கு என்றால் வருடம் இரு முறை எழுத்தில் கணக்கு. பாடல்களின் சொல்லை உங்கள் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது என்று ஒரு வசனம். நண்டு கதையை மறக்கவில்லைத்தானே. பெயரை விட்டுக்கொடுப்பதாக எங்காவது ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். மூன்றாம் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. படங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓவியருக்கு நீங்கள் காசு கொடுத்து வரைவித்தவை என்பதால், மேலே உங்களுக்குப் பாதகமாகப் பேசிய அதே பிரிவு இங்கே உங்கள் பக்கம் பேசும். ஆனால் ஓவியரின் பெயரை மறுபதிப்பிலும் போட வேண்டும். இதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கண்காட்சிக்கு முன் முடிய வேண்டும் என்பது அவருடைய அவசரம். செப்டெம்பர் வருடா வருடம் வரும்.

பாடசாலை அழைப்புகள்: காசு கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டாம். சர்வதேசப் பாடசாலை அழைத்தால் கட்டணம் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கோமாளி வித்தைக்காரருக்கும் கேக் கடைக்கும் கொடுக்கிறார்கள். சிறிய அரச பாடசாலையிடம் காசு இருக்காது. அங்கே போக்குவரத்தும், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நூலகத்துக்கு பத்துப் புத்தகம் வாங்குவதும் போதும். உங்கள் இரண்டாவது தொகுப்பைப் பாடசாலை நூலக நூலாக அங்கீகரிக்கும்படி கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கீகாரம் கிடைத்தால் அதிபர்மாருக்கு வாங்குவது இலகு.

புத்தகத்தை முழுதாகப் போட்டோகொப்பி அடித்தது பிழைதான், விலக்கு ஒரு பாட்டுக்கு உண்டு, புத்தகத்துக்கு இல்லை. ஆனால் அந்த அதிபர் விற்கவில்லை, பெயரை மறைக்கவில்லை, உங்களையே கையெழுத்துப் போடவும் சொன்னார். அவருக்கு நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த ஒக்டோபரில் உங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். அழைப்பை ஏற்கும்போதே ஒரு சின்னக் கடிதம் அனுப்புங்கள்: வகுப்பில் ஒன்றிரண்டு பாட்டைப் பிரதி எடுக்கலாம், கீழே பெயர் இருக்கட்டும், மேடையில் பிள்ளைகள் பாடினால் அறிவிப்பாளர் பெயரைச் சொல்லட்டும், புத்தகம் வேண்டுமென்றால் கழிவு விலையில் நானே தருகிறேன். இப்படி முன்கூட்டிச் சொன்னால் யாரும் பேராசை என்று சொல்லமாட்டார்கள். சொன்னாலும் சொல்லட்டும்.

ஒரு கவனம். நீங்கள் அரச சேவையில் இருப்பதால் கட்டணம் பெறும் வெளிவேலைக்கு முன் அனுமதி எடுப்பது நல்லது. பாடசாலை நாளில் போவதென்றால் அதிபருக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் தெரிந்து போங்கள். உங்கள்மேல் பொறாமை உள்ளவர் ஒருவராவது ஆசிரியர் அறையில் இருப்பார்.

மாநாடு, அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று

வெளிநாட்டில் கழிக்கும் லீவுக்குப் பொது 126 படிவம் இருக்கிறது. விமானச் சீட்டுக்கு முன் அதைக் கொடுத்து அனுமதி எடுங்கள். மாநாட்டுக்காரர் அனுப்பிய படிவம் ‘உரையும் அதில் காட்டப்படும் எல்லா ஆக்கங்களும்’ என்கிறது. உங்கள் உரையே பதிப்புரிமை உள்ள படைப்பு, அதற்குள் பாட்டுகளும் வருகின்றன. உரையை அவர்களுடைய தொகுப்பில் வெளியிட அனுமதி கொடுங்கள், உரிமையைக் கொடுக்க வேண்டாம். பாடல்கள் இதில் அடங்கா என்று ஒரு வசனம் எழுதிச் சேர்த்துக் கையெழுத்திடுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், அந்தப் படிவத்தை யாரும் வாசிப்பதில்லை என்று நினைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

இனி நீங்கள் கேட்காதது. அந்த உரையில் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய பாட்டுகளையும் அவர்களுடைய படங்களையும் காட்டப்போவதாக மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். பிறகு அவற்றைத் தொகுத்து உங்கள் பெயரில் ஒரு புத்தகம் போடும் எண்ணமும் இருக்கிறது. தரம் 4 பிள்ளை எழுதிய ஆறு வரிக்கும் உரிமையாளர் அந்தப் பிள்ளைதான். படைப்பாளிக்கு வயது எல்லை கிடையாது. நீங்கள் தலைப்புக் கொடுத்ததாலோ எழுத்துப் பிழை திருத்தியதாலோ அது உங்களுடையதாகிவிடாது. தலைப்பும் எண்ணமும் யாருக்கும் சொந்தமில்லை, எழுதிய வரிதான் சொந்தம். தொகுத்தவர் என்று உங்கள் பெயரைப் போடலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அதை எழுதிய பிள்ளையின் பெயர் வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் தயாரியுங்கள். எந்தப் பாட்டு, எந்த மாநாடு, பிறகு புத்தகமாக வருமா, முழுப் பெயர் போடலாமா முதற்பெயர் மட்டுமா, முகம் தெரியும் படத்துக்குச் சம்மதமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டுக்குச் சம்மதித்த தாய் படத்துக்கு மறுக்கலாம், அது அவருடைய விருப்பம். பிள்ளையிடமும் கேளுங்கள், சில பிள்ளைகள் வகுப்புக்கு மட்டும் என்றுதான் எழுதுகிறார்கள். புத்தகத்துக்கு விலை போடுவதாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதி இலவசம் என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கையொப்பம் வராத வீட்டுப் பிள்ளையின் பாட்டை, அது எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும், இந்த முறை விட்டுவிடுங்கள்.